கட் சொன்ன பிறகு

ஜூன் 9

ஊசிக்கு,

உன் அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கியிருக்கிறேன். "ஃபோன் மட்டும் பண்ணிடாதீங்க, எடுக்க மாட்டா. எழுதிப் பாருங்க. படிப்பாளா கிழிப்பாளான்னு எனக்குத் தெரியாது" என்றார். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

வெளியூர் ஷூட்டிங் முடிந்து வந்தால் உன் அறை பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரம்மா, "தையல் மிஷினைக்கூட வித்துட்டுப் போயிடுச்சே தம்பி, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஏழு வருஷம் ஒரே யூனிட்டில் குப்பை கொட்டியிருக்கிறோம். நீ நடிகர்களுக்குத் துணி தைத்தாய். நான் அவர்கள் மூக்குக்கும் கேமராவுக்கும் நடுவில் டேப் பிடித்து, தூரம் அளந்து, ஃபோகஸ் வைத்தேன். எனக்கு டேப்பு என்று பெயர் வைத்தது நீ. உனக்கு ஊசி என்று வைத்தது நான். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடவா நாதியற்றுப் போய்விட்டேன்?

அடுத்த படத்துக்கு உன் இடத்தில் ஒரு புது டெய்லர் வந்திருக்கிறார். ஹீரோ நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற சீனில், அவர் தைத்த பட்டன் தெறித்து லென்ஸ் மேல் விழுந்தது. "ஊசி எங்கய்யா?" என்று டைரக்டர் கத்தினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் கஷ்டமாக இருக்கிறது. தட்டை வாங்கியதும் கால் தன்பாட்டுக்குக் காஸ்ட்யூம் வண்டிப் பக்கம் போய்விடுகிறது. அங்கே அந்த ஆள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நான் ஏதோ வேலையாக வந்தவன் மாதிரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிறேன்.

நம்ம படம் எடிட்டிங்கில் இருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்? அதையாவது எழுது.

டேப்பு


ஜூன் 28

டேப்புக்கு,

கிழிக்கவில்லை.

ஃபோன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. ஃபோனில் நீ எதையும் கேலியாக்கி முடித்துவிடுவாய். நானும் சிரித்துத் தொலைப்பேன். காகிதம் என்றால் இரண்டு பேரும் கொஞ்சம் ஒழுங்காக இருப்போம்.

என்ன தப்பு என்று கேட்டிருக்கிறாய். கடைசி நாள் எடுத்த கை ஷாட் நினைவிருக்கிறதா? கதைப்படி எதிரெதிர் வீட்டில் வளர்ந்த நண்பர்கள். அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிடுகிறது. மாடிப்படியில் அவன் முதல்முறையாக அவள் கையைப் பிடிக்கிறான். படமே அந்தக் கைக்காகத்தான் என்று டைரக்டர் ஆறு மாதமாக உயிரை வாங்கினாரே, அந்த ஷாட். ஹீரோ அதற்குள் அடுத்த படத்துக்குப் பறந்துவிட்டார். ஹீரோயின் வேறொரு படத்துக்காக நீள நீளமாக நீல நகம் ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஹீரோ வாட்சை உன் மணிக்கட்டில் கட்டினார். ஹீரோயின் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார்கள். "மூஞ்சி தெரியாது. கை மட்டும்தான். சும்மா பிடிங்க."

நீ பிடித்தாய். டைரக்டர் கட் சொன்னார். நீ விடவில்லை. இல்லை என்று சாதிக்காதே.  பிறகு கையை எடுத்துக்கொண்டோம். லைட்மேன் அண்ணன், "என்னப்பா, கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்று கேட்டார். அதற்கு நீ சொன்ன பதில் இதுதான்: "இதையா? இது கையே இல்லண்ணே, குண்டூசி குத்தி வைக்கிற பஞ்சு. பிடிச்சதுக்கு நான் இப்ப ஆஸ்பத்திரி போய்த் தடுப்பூசி போட்டுக்கணும்."

யூனிட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் சித்தி மகளுக்கு ஃபோன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வா வா என்று அவள் எத்தனையோ நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த தொழிற்சாலை இது.

ஆஸ்பத்திரிகளுக்குப் பச்சை அங்கி தைக்கிறோம். எல்லாம் ஒரே அளவு. யாரையும் அளக்க வேண்டாம், யாருக்குப் போகிறது என்றும் தெரியாது. விடுதி அறையில் நாலு கட்டில். நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் விளக்குப் போடாமல் சாப்பிடப் பழகிவிட்டேன். யாரோடும் சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

ஊசி


ஜூலை 17

ஊசிக்கு,

உன் கடிதத்தில் ஒரு விஷயத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். நீ அதை எழுதவில்லை. வசதியாக மறந்துவிட்டாய்.

கையை எடுத்ததும் நீ என்ன செய்தாய்? இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி, ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைத்தாய். சாக்கடையில் கையை விட்டவள் மாதிரி. லைட்மேன் அண்ணன் கேட்டது அதற்குப் பிறகுதான். அவர் கேட்டுச் சிரிக்கும்போதும் நீ துடைத்துக்கொண்டுதான் இருந்தாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டுமா? நீ ஏதாவது சொல்லி என்னைக் கூறு போடுவதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அது இவ்வளவு கேவலமாக வந்திருக்க வேண்டாம். அதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் மட்டும்தான் அவமானப்படுத்தினேன் என்று எழுதாதே.

நான் கையை விடவில்லை என்பது உண்மைதான். கட் என்றது காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விழுந்தது. விட மனசு வரவில்லை. போதுமா?

நம்ம டீக்கடைக்காரர் நேற்று பழக்கதோஷத்தில் இரண்டு கிளாஸ் எடுத்து வைத்துவிட்டார். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார். இரண்டையும் நானே குடித்துவிட்டு வந்தேன்.

டேப்பு


ஆகஸ்ட் 5

அட மடையா,

அது மேக்கப்.

ஹீரோயின் நிறத்துக்குக் கொண்டுவர மேக்கப்மேன் என் முழங்கைவரை அப்பியிருந்தார். உன் உள்ளங்கை வேர்த்து அது சேறாகிவிட்டது. நான் போட்டிருந்ததோ வெள்ளைப் பட்டுச் சட்டை. இருந்ததே ஒன்று, மாற்றுக் கிடையாது. அதைக் கழற்றி மடித்து நான்தான் பெட்டியில் வைக்க வேண்டும். கறை பட்டால் யார் பதில் சொல்வது, நீயா? கையைத் துடைக்காமல் நான் ஒரு காஸ்ட்யூமைத் தொட்டு நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? ஏழு வருஷம் அந்த வண்டிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, எதைத்தான் பார்த்தாய்?

படித்ததும் சித்தி மகளிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை நேரில் பார்த்திருந்தால் இரண்டு வைத்திருப்பேன். "ஏன் துடைக்கிற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கையைக் காட்டியிருப்பேன். நாற்காலி பக்கத்தில் இருந்தால்கூட டேப் வைத்து அளக்காமல் நீ நம்ப மாட்டாய். மனுஷி விஷயத்தில் மட்டும் கண்ணளவு போதுமா உனக்கு?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும், இங்கே சித்தி மகளைவிட்டால் ஆள் இல்லை, அவளோ இதில் தூதுக்காரி. எங்கள் சூப்பர்வைசர் சித்தி மகள் மூலமாக என்னைக் கேட்டிருக்கிறார். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர். யாரையும் கேலி பேசத் தெரியாது, ஜோக் சொன்னால் அர்த்தம் கேட்பார். அக்காவும் மாமாவும் "இதைவிட என்ன வேணும்?" என்கிறார்கள். அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

நீ என்ன நினைக்கிறாய்?

ஊசி


ஆகஸ்ட் 26

ஊசிக்கு,

மேக்கப் விஷயம் படித்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று தெரிகிறது. அன்றைக்கு நான் சொன்னதை மன்னித்துவிடு. இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நல்ல மனிதர் என்றால் யோசி. உனக்கும் ஒரு நிழல் வேண்டாமா? நான் சினிமாக்காரன். இன்றைக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது. நண்பன் என்ற முறையில் இதைத்தான் சொல்ல முடியும்.

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது என் முகத்தை நினைத்துக்கொள்.

படம் வந்துவிட்டது. முதல் நாள், கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து சீட் காலி. கை ஷாட் வந்ததும் விசில் அடித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. முகம் தெரியாத அந்த இரண்டு கையைப் பார்த்து எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். வெளியே வந்தால் நாலைந்து பேர் சண்டை போடுகிறார்கள். ஃப்ரெண்டாக இருந்தவளைக் காதலிக்கலாமா கூடாதா என்று. ஒருத்தன், "அவன் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா படம் இடைவேளையோட முடிஞ்சிருக்கும்டா" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

எடிட்டரிடம் பேசினேன். டைரக்டர் கட் சொன்னதற்குப் பிறகு ஓடியதையும் சேர்த்து வைத்திருக்கிறார். "அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நடிக்கிறீங்கய்யா. அப்புறம்தான் கை கையா இருக்குது" என்றார். அந்த இடத்தில் நான் பார்த்ததை எழுத மாட்டேன். நான் பார்த்துச் சொன்னதெல்லாம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியுமே. நீ போய்ப் பார்.

டேப்பு


செப்டம்பர் 20

டேப்புக்கு,

இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஒரு காட்சி போட்டார்கள். சித்தி மகளுக்கு ஷிப்ட், தனியாகத்தான் போனேன். அரங்கத்தில் பாதிகூட நிரம்பவில்லை. ஹீரோயின் வந்தபோதெல்லாம் நான் முகத்தைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தேன். மழைப் பாட்டில் இடது தோள் இழுக்கிறது. யாருக்கும் தெரிந்திருக்காது.

கை ஷாட் வந்தது. டைரக்டர் கட் சொன்னபோது நீ திடுக்கிட்டாய், உன் மணிக்கட்டு லேசாகத் துள்ளியது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையிலும் அது தெரிகிறது. அதற்குப் பிறகு உன் விரல்கள் தளர்கின்றன, டேப்பு. நீ விடப் பார்க்கிறாய். என் விரல்தான் மறுபடி மூடி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இத்தனை மாதமும் நீதான் விடவில்லை என்று உன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். நீயும் ஆமாம் நான்தான் என்று ஒப்புக்கொண்டு எழுதினாய். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. விளக்குப் போட்டு எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். பெருக்க வந்த பெண், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

எனக்கு உன்னைப் பிடிக்கும். நண்பனாகப் பிடிக்குமா, வேறு மாதிரியா என்று பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை. யாருக்காகவோ துணி தைத்து, யாருமில்லாமல் சாப்பிட்டு, யாரையும் எழுப்பாமல் படுக்கிறேன். படுத்ததும், இன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லையே என்று தோன்றுகிறது. தினமும் தோன்றுகிறது.

யோசி, நிழல் வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டேன். உனக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் இனி எழுதாதே. வந்து, வாயைத் திறந்து கேள். அக்டோபர் கடைசிவரை நேரம் இருக்கிறது.

ஊசி


அக்டோபர் 19

ஊசிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே புதுப் படம் தொடங்கிவிட்டது, மூச்சுவிட நேரம் இல்லை. அதனால்தான் வர முடியவில்லை, எழுதவும் தாமதமாகிவிட்டது.

சூப்பர்வைசர் விஷயத்தில் நீ எடுத்த முடிவு நல்ல முடிவுதான். நீ மனசுவிட்டுச் சிரித்தால் அழகாக இருப்பாய், அப்படியே சிரித்துக்கொண்டிரு. அங்கே மழை அதிகம். குடை பிடிக்க ஒருத்தர் கூட வருவது எவ்வளவு பெரிய விஷயம்.

உன் அக்காவிடம் என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

அன்புள்ள நண்பன்


நவம்பர் 4

டேப்புக்கு,

முடிவு என்னவென்று நான் உனக்கு எழுதவே இல்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை. குடை என்று எழுதியிருக்கிறாய். நான் அந்த மனிதரின் குடையில் நடந்தது என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு மாலை, தொழிற்சாலை வாசலிலிருந்து விடுதிவரை. அதை உனக்குச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது.

நீ வந்திருக்கிறாய்.

அவ்வளவு தூரம் வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். போய் மூச்சுவிட நேரமில்லை என்று கடிதம் போட்டிருக்கிறாய். நான் கையில் பிடித்துக்கொண்டு அழுத கடிதங்களில் இதுதான் முதல்.

நீ என்ன பார்த்தாய் என்று சொல்லவா? அன்றைக்குத்தான் வாசலில் நிறுத்தி அவரிடம் சொன்னேன். "மன்னிச்சிடுங்க. என் மனசு வேற இடத்துல இருக்குது. அவன் வருவானான்னு தெரியல, ஆனாலும் இருக்குது."  அவர் குடையை விரித்து, "சரிம்மா. அவர் வர்ற வரைக்கும் நனைஞ்சுக்கிட்டேதான் இருக்கணுமா?" என்றார். ஜோக்குக்கு அர்த்தம் கேட்கிற மனிதர், என் சங்கடத்தைப் போக்க ஒரு ஜோக் சொன்னார். சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்தேன். நீ அதைப் பார்த்திருக்கிறாய்.

ஒரு தடவை என்றால் விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவையும் பார்த்தாய், நீயே முடிவு கட்டினாய், நீயே நடையைக் கட்டினாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் உயிரா போய்விடும்? நான் பதில் சொல்லத் தெரியாதவளா? உன் கற்பனையில் என்னை எத்தனை பேருக்குத்தான் கட்டிவைப்பாய்?

இங்கே இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள். வேறு ஊரில் இருக்கிற பெரிய தொழிற்சாலைக்கு மாற்றுவார்கள். மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறேன். புது விலாசத்தை உனக்கு அனுப்ப மாட்டேன். அக்காவிடம் கேட்காதே, அவளுக்கும் தர்மசங்கடம்.

எனக்குக் கோபம்கூடப் போய்விட்டது. ரொம்பத் தனியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊசி


நவம்பர் 23

ஊசிக்கு,

இதை உங்கள் விடுதிக் காவலம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். "ஆம்பளைங்க மேல போகக் கூடாது, சீட்டு எழுதிக் கொடுங்க" என்றார். இவ்வளவு நீளமாகச் சீட்டு எழுதுவேன் என்று எதிர்பார்க்கவில்லை, இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

கீழே பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெஞ்சு, ஒரு காலண்டர், ஓடாத ஒரு மின்விசிறி. மதியத்திலிருந்து இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து நீங்கள் எல்லோரும் பேச்சும் சிரிப்புமாகப் படியேறினீர்கள். உன் குரலும் அதில் இருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நீ யாரோடு வந்தாய், எப்படி இருக்கிறாய், கையெழுத்துப் போட்டுவிட்டாயா, எதுவும் எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமல் இனி எதையும் தெரிந்துகொள்வதாக இல்லை.

அன்றைக்கு எதிர்ப் பக்கம் நின்றது உண்மை. மழை. நீ வெளியே வந்தபோது சாலையைக் கடக்கக் காலை எடுத்துவைத்தேன். குடை விரிந்தது, நீ சிரித்தாய், என் கால் நின்றுவிட்டது. ரயிலில் ஏறிய பிறகுதான் கூப்பிட்டிருக்கலாமே என்று தோன்றியது. பயந்தாங்கொள்ளி என்று திட்டு. வேறு நல்ல வார்த்தை அதற்குக் கிடையாது.

புதுப் படத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கேமராமேன் சார், "போறதுன்னா திரும்பி வராத" என்றார். சரி சார் என்றேன்.

கேட்க வேண்டியதை இதில் எழுதவில்லை. எழுதாதே என்று சொல்லியிருக்கிறாய். இங்கேயே நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், காவலம்மாவுக்கு என் மேல் சந்தேகம் வந்திருக்கிறது. இது காதலா, தனியாகச் சாப்பிட முடியாத கஷ்டமா என்று நீ கேட்டால் எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் வேறு யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

வேண்டாம் என்பதாக இருந்தாலும் கீழே வந்து சொல். கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

டேப்பு


(அதே காகிதத்தின் பின்புறம், பென்சிலில்)

முகம் கழுவிவிட்டு வருகிறேன். எழுந்து போய்விடாதே.